சாவி கொடுக்கும் கடிகாரமும் மின்னேற்றும் கடிகாரமும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில், எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் எட்டுப் பேருடன் செஞ்சிக்கோட்டையின் இராஜகிரி மலையில் ஏறினேன். என் இடக்கையில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஜனதா கடிகாரம். வலக்கையில் சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய, நல்ல விலையுள்ள ஸ்மார்ட் கடிகாரம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், இரண்டு கையிலும் வாட்ச் எதற்கு? எது சரியான நேரம் காட்டும்?"

"வலக்கைதான்" என்றேன்.

"அப்படியானால் இடக்கையில் இருப்பது எதற்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. என்னிடம் இருபத்து மூன்று இருக்கின்றன. பெரும்பாலானவை ரிப்பேர் கடைகளில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய எச்.எம்.டி. கடிகாரங்கள். அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆடும் ஒன்று வேண்டும்

காலத்தை அளப்பது எப்படி? நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அடியில் சிறு துளையிட்ட வட்டிலில் நீர் ஏறுவதையோ வடிவதையோ கொண்டு நாழிகையைக் கணக்கிட்டனர். நீர் தொடர்ந்து ஒழுகுவது. அதன் வேகம் வெப்பத்தாலும் நீர் மட்டத்தாலும் மாறுவது. ஆகவே துல்லியம் குறைவு.

துல்லியம் வேண்டுமானால் ஒரே சீராக ஆடும் ஒன்று வேண்டும். ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் ஆட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திற்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டங்களை எண்ணிவிட்டால் காலம் கிடைத்துவிடும். இன்றுவரை உலகில் உருவான துல்லியமான கடிகாரங்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை. எது ஆடுகிறது, எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகென்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். ஆனால் ஊசலைக் கையில் கட்டிக்கொண்டு நடக்க முடியாதல்லவா? நாம் அசைந்தால் அதன் ஆட்டமும் குலைந்துவிடும். அதே ஹைகென்ஸ் 1675-இல் இதற்கு வழி கண்டார். ஒரு சிறு சக்கரத்தின் அச்சில் மெல்லிய சுருள்வில் ஒன்றைப் பொருத்தினார். சக்கரத்தைத் திருப்பிவிட்டால் சுருள்வில் அதைத் திரும்ப இழுக்கும். சக்கரம் நடுநிலையைத் தாண்டி மறுபக்கம் போகும். வில் மீண்டும் இழுக்கும். இதைத்தான் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் 'பேலன்ஸ் வீல்' என்றும் 'ஹேர் ஸ்பிரிங்' என்றும் அழைக்கிறார்கள்.

கைக்கடிகாரத்துக்குச் 'சாவி கொடுக்கும்' போது நாம் மற்றொரு வலுவான சுருள்வில்லை இறுக்குகிறோம். நம் விரலின் ஆற்றல் அதில் நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது. அது விரியும்போது பற்சக்கரங்களைச் சுழற்ற முயலும். தடையில்லாவிட்டால் சில நொடிகளில் முழுவதும் அவிழ்ந்துவிடும். அவ்வாறு நேராமல், ஆடும் சக்கரம் ஒவ்வொரு ஆட்டத்திற்கும் ஒரே ஒரு பல்லை மட்டும் விடுவிக்கிறது. அந்தப் பல் போகும் போக்கில் சக்கரத்தைச் சிறிது தட்டிவிட்டும் போகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை நாம் ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளிவிடுவது போலத்தான் இது. நீங்கள் கேட்கும் 'டிக், டிக்' ஒலி, பல் விடுபட்டு மீண்டும் பிடிபடும் ஒலியே.

ஜனதா கடிகாரம் மணிக்கு 18,000 முறை டிக்கிடும். அதாவது நொடிக்கு 5 முறை. ஒரு நாளைக்கு 4,32,000. நம் இதயம் நிமிடத்திற்கு 72 முறை துடித்தால் நாளொன்றுக்கு 1,03,680 துடிப்புகள்தாம். என் அப்பா அந்தக் கடிகாரத்தை 1974-இல் வாங்கினார். ஓடாமல் கிடந்த நாள்களைக் கழித்தாலும் அது இதுவரை 700 கோடி முறைக்குக் குறையாமல் டிக்கிட்டிருக்கும்!

இவ்வளவு ஓடியும் அச்சுகள் தேயாமல் இருப்பது எப்படி? முகப்பில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை அலங்காரக் கற்கள் அல்ல. சுழலும் அச்சுகளின் முனைகளையும், அடிக்கடி உரசும் பகுதிகளையும் தாங்கும் செயற்கை மாணிக்கங்கள். மாணிக்கம் மிகக் கடினமானது. நன்கு மெருகேறக் கூடியது. ஆகவே உராய்வும் தேய்மானமும் குறைகின்றன.

செஞ்சி வெயிலும் ஒரு நோபல் பரிசும்

எங்கள் ஊர் பாறைகள் சூழ்ந்த ஊர். மார்கழிக் காலையில் 20 டிகிரி. சித்திரைப் பகலில் 40 டிகிரி. சாதாரண எஃகினால் செய்த சுருள்வில், வெப்பம் ஏறினால் நெகிழ்ந்து வலுக் குன்றும். சக்கரம் மெதுவாக ஆடும். ஒரு டிகிரி செல்சியசுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 நொடி வீதம் கடிகாரம் பின்தங்கும். 20 டிகிரி வேறுபாட்டுக்கு 200 நொடி; மூன்று நிமிடத்திற்கும் மேல்!

இந்த இடரைத் தீர்த்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சார்லஸ் எடுவர்ட் கீயோம். நிக்கலும் எஃகும் கலந்த உலோகங்களை ஆராய்ந்து, வெப்பத்தால் நீளாத 'இன்வார்', வெப்பத்தால் மீள்திறன் மாறாத 'எலின்வார்' ஆகியவற்றைக் கண்டறிந்தார். இந்த வகை உலோகங்கள் பற்றிய ஆய்வுக்காகவே 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும் மாணவனின் கையில் இருக்கும் ஒரு மயிரிழைக் கம்பிக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது!

நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை அன்றைய பிரதமர் நேரு வெளியிட்டார். அதன் பிறகு பல்லாண்டுகள், திருமணத்திற்கும் தேர்வு வெற்றிக்கும் பரிசு என்றாலே எச்.எம்.டி. என்றாகிவிட்டது.

படிகம் ஆடத் தொடங்கியது

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்னும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. விலை 4,50,000 யென். அதில் ஆடிய பொருள் சக்கரம் அன்று. ஒரு குவார்ட்ஸ் படிகம்.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-இல் பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். இதன் மறுதலையும் உண்மை. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வளையும். ஆகவே மின்சுற்றில் வைத்தால் படிகம் தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்ந்துகொண்டே இருக்கும். இன்றைய கைக்கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்படுகிறது.

அதென்ன 32,768? பாதியாக்கிப் பாருங்கள்: 16,384, 8,192, 4,096... சரியாகப் பதினைந்தாவது முறையில் 1 வரும். மின்னணுச் சுற்றுக்கு இரண்டால் வகுப்பது மிக எளிது. பதினைந்து முறை வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது!

நல்ல நிலையில் உள்ள சாதாரணச் சாவிக் கடிகாரம் ஒரு நாளைக்கு 20 நொடி பிசகலாம். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ ஒரு மாதத்திற்கே 15 நொடி அளவில்தான் பிசகும். இதன் விளைவு என்ன? சுவிட்சர்லாந்தில் 1970-இல் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980-களின் பிற்பகுதியில் அது 30,000-ஐ ஒட்டிச் சுருங்கியது. நம் நாட்டில், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், 1987 முதல் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை விற்பனைக்கு அனுப்பியது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது.

ஸ்மார்ட் கடிகாரத்தின் உள்ளே

இனி என் வலக்கைக்கு வருவோம். அதைத் தம்பி அனுப்பியபோது நான் சற்று ஏளனமாகத்தான் பார்த்தேன். பிறகு, இயற்பியல் ஆசிரியன் ஒரு கருவியைப் பார்த்து நகைக்கலாமா, அதை அறிந்துகொள்ள வேண்டாமா என்று தோன்றிற்று.

அதனுள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்கிறது. அத்துடன் நில்லாமல், கைபேசி வழியாக வலையமைப்பைத் தொடர்புகொண்டு தன் நேரத்தை அடிக்கடி திருத்திக்கொள்கிறது. அந்த நேரத்தின் மூலம் அணுக் கடிகாரங்கள். சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு நொடி என்று 1967-இல் வரையறுக்கப்பட்டது. இந்திய நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இத்தகைய கடிகாரங்களைக் கொண்டு பேணுகிறது. ஆகவே 'எது சரியான நேரம்?' என்ற போட்டியில் என் அப்பாவின் கடிகாரம் கலந்துகொள்ளவே முடியாது.

நாம் நடக்கும் அடிகளை அது எண்ணுவது எப்படி? உள்ளே ஒரு சிலிக்கான் சில்லு. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு நிறை, மிக நுண்ணிய விற்களில் தொங்குகிறது. கை வீசும்போது நிறை அசையும். அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையிலான மின்தேக்குத்திறன் மாறும். அதைக் கொண்டு முடுக்கம் அறியப்படுகிறது. ஹைகென்ஸ் பொருத்திய நிறையும் வில்லும் மறையவில்லை. சுருங்கி உள்ளே போய்விட்டன, அவ்வளவே!

மலையின் உயரத்தையும் அது காட்டியது. காற்றழுத்தம், தரையை ஒட்டிய உயரங்களில், ஏறத்தாழ 9 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். இராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, அதாவது ஏறக்குறைய 244 மீட்டர். 27 மில்லிபார் குறைய வேண்டும். அன்று உச்சியில் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்து, கடிகாரம் காட்டியதோடு ஒத்துப்போவதைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

அதன் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உட்கவரும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் கூடும். திரும்பி வரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைக்கும்.

அன்று ஏறும்போது என் நாடி 160-ஐத் தாண்டியது. அது வியப்பன்று. ஆனால் உச்சியில் காற்று வாங்கி அரை மணி நேரம் அமர்ந்த பின்னும் 118 என்றே காட்டிக்கொண்டிருந்தது. 'கருவி பிசகுகிறது' என்று மாணவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இடக்கைக் கடிகாரத்தைப் பார்த்தபடி, விரலால் என் நாடியைத் தொட்டு ஒரு நிமிடம் எண்ணினாள். "சார், 116 வருகிறது. டாக்டரைப் பாருங்கள்" என்றாள். மறு வாரம் விழுப்புரத்தில் மருத்துவரைப் பார்த்தேன். இரத்த அழுத்தம் மிகுதியாக இருந்தது. அன்று முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். கடிகாரம் நோயைக் கண்டுபிடித்துவிடவில்லை. அது மருத்துவரின் வேலை. ஆனால் நான் ஏளனம் செய்த பொருள்தான் என்னை அவரிடம் அனுப்பியது. இதை மறைத்துவிட்டுப் பழைய கடிகாரத்தின் புகழ் பாடுவது நேர்மையாகாது.

ஆற்றல் கணக்கு

இவ்வளவு வேலைக்கு ஆற்றல் வேண்டாமா? ஒரு கணக்குப் போடுவோம். ஸ்மார்ட் கடிகாரத்தின் மின்கலம் 300 மில்லி ஆம்பியர்-மணி, 3.8 வோல்ட் என்று கொள்வோம். 0.3 × 3.8 × 3,600. ஏறத்தாழ 4,100 ஜூல். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை 7 மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமான ஆற்றல் இது! பெரும்பாலும் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும்.

சாவிக் கடிகாரத்தின் சுருள்வில்லில் முழுமையாகச் சாவி கொடுத்தாலும் ஒரு ஜூல்கூடத் தேறாது. நூறு கிராம் கொய்யாப்பழம் ஒன்றை ஒரு மீட்டர் உயர்த்தவே ஒரு ஜூல் வேண்டும். அதற்கும் குறைவான ஆற்றலில் அது ஒன்றரை நாள் ஓடுகிறது.

இங்கே மற்றொன்றையும் கவனியுங்கள். சுருள்வில் இறுகுவதும் விரிவதும் உலோகத்தின் மீள்திறனால் நடப்பவை. எல்லை மீறாதவரை உலோகம் பழைய நிலைக்கே திரும்பும். லித்தியம் மின்கலத்தில் நடப்பதோ வேதி வினை. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் சிறிதளவு பொருள் மீளாத மாற்றம் அடைகிறது. சுமார் 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு 80 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிடும். என் வலக்கைக் கடிகாரம் நான்காம் ஆண்டில் நண்பகலுக்குள் அணைந்து போயிற்று. கொண்டுபோய்க் கேட்டேன். இந்த வகைக்கு மின்கலம் வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பொன்னால் செய்தாலும்

2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் 18 காரட் பொன்னாலான ஸ்மார்ட் கடிகாரத்தை வெளியிட்டது. விலை 10,000 டாலரிலிருந்து 17,000 டாலர் வரை. உள்ளே இருந்த மின்னணுப் பகுதிகளோ 349 டாலருக்கு விற்ற சாதாரணக் கடிகாரத்தில் இருந்தவையே. 2018-இல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறைக் கடிகாரங்களுக்கு வழங்கப்படவில்லை. பொன் அப்படியே இருக்கிறது. பொன்னுக்குள் இருந்த அறிவுதான் மூன்றே ஆண்டில் பழையதாகிவிட்டது.

சுவிட்சர்லாந்தின் பழம்பெரும் நிறுவனமான டாக் ஹாயர் இதை முன்பே உணர்ந்திருந்தது போலும். அதே 2015-இன் நவம்பரில் 1,500 டாலர் விலையில் ஒரு ஸ்மார்ட் கடிகாரத்தை வெளியிட்டபோது, இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்ததும் மேலும் 1,500 டாலர் கொடுத்தால் அதற்கு மாற்றாகச் சுருள்வில் கடிகாரம் ஒன்றைப் பெறலாம் என்று அறிவித்தது. எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை விற்பவரே ஒப்புக்கொண்ட இடம் இது. இன்று டைட்டன் நிறுவனமும் குவார்ட்ஸ், ஸ்மார்ட் கடிகாரங்களுடன் சுருள்வில்லால் ஓடும் தானியங்கிக் கடிகாரங்களையும் விற்கிறது.

ஆனால் பழையதே நிலைக்கும் என்று நான் மார் தட்டவும் முடியாது. ஒரு நாள் ஜனதாவும் நின்றுபோயிற்று. கடைவீதியில் இருக்கும் பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு திறந்து பார்த்தார்.

"தம்பி, ஒன்றும் கெடவில்லை. எண்ணெய் காய்ந்துபோயிற்று, அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கே நான் இதை மூன்று முறை துடைத்துக் கொடுத்திருக்கிறேன்."

ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார், கழுவினார், ஊசி முனையால் எண்ணெய் வைத்தார். மீண்டும் பூட்டியதும் சக்கரம் ஆடத் தொடங்கியது. "உங்களுக்குப் பிறகு இந்த வேலையைச் செய்ய யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "என் பையன் செல்போன் கடை வைத்திருக்கிறான்" என்றார்.

பார்த்தீர்களா? ஸ்மார்ட் கடிகாரம் ஓட மின்கலமும் மென்பொருளும் எங்கோ தொலைவில் ஒரு நிறுவனமும் வேண்டும். சாவிக் கடிகாரம் ஓட, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். நிறுவனம் கைவிட்டால் அது நிற்கும். அறிந்தவர் இல்லாது போனால் இது நிற்கும். அந்த மாணவனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். வலக்கையில் இருந்தது நேரத்தோடு என் நாடியையும் அளந்தது, அதற்கு நன்றி. இடக்கையில் இருப்பதை என்னால் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பெரியவரின் கடையில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன். இதுவரை இரண்டு கடிகாரங்களைக் கெடுத்து, ஒன்றை ஓடச் செய்திருக்கிறேன்.

செய்து பாருங்கள்

ஒன்று: வீட்டுப் பரணில் பழைய சாவிக் கடிகாரம் கிடந்தால் எடுங்கள். மெதுவாகச் சாவி கொடுங்கள். ஓடினால், கைபேசியின் நேரத்தோடு சரியாக வைத்து, நாள்தோறும் ஒரே வேளையில் வேறுபாட்டைக் குறித்துவாருங்கள். இரவில் படுக்க வைத்தால் ஒரு அளவும், நிற்க வைத்தால் வேறு அளவும் வரலாம். ஏன் என்று சிந்தியுங்கள். பின்மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

இரண்டு: டிசம்பர் 25 அன்று வெயிலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டி இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை நிழல் முனையைக் குறியுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரம் எது? செஞ்சியில் அது 12 மணியன்று. ஏறத்தாழ 12 மணி 12 நிமிடம். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. செஞ்சி இருப்பது ஏறத்தாழ 79.4 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ஊரின் தீர்க்கரேகையைக் கண்டுபிடித்து, நிழல் எப்போது குறுகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துச் சோதியுங்கள். எந்தக் கையில் எந்தக் கடிகாரம் கட்டியிருந்தாலும் விடை ஒன்றுதான்.